மேற்குப் பக்கத்து வலை

செருப்பை வெளியவே உட்டுருங்க தம்பி. இந்தத் தொட்டியில மருந்துத் தண்ணி இருக்குது, ரெண்டு காலையும் நல்லா நனைச்சுக்குங்க. ம், இப்ப உள்ள வாங்க. வந்துட்டு அந்தக் கதவைச் சாத்துங்க. அதைச் சாத்தினாத்தான் நான் இந்தக் கதவைத் தெறப்பேன். ஒரே நேரத்துல ரெண்டு கதவும் தெறந்திருக்கக் கூடாது. இப்படி சீட்டும் வலையும் போட்டு பாலி ஹவுஸ் கட்டறவரு நீங்க, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் வர்றவங்க எல்லார்த்துகிட்டயும் சொல்லிப்போடறது. எம்பையன் பூபதி பழக்கி உட்ட பழக்கம்.

வலை தைக்கத்தான வந்தீங்க. அதா, அந்த மேக்குப் பக்கம். இங்கிருந்தே தெரியும் பாருங்க, அங்க மட்டும் வெளிச்சம் வேற மாதிரி விழுகுது. ஓராள் படுத்த நீளம் இருக்கும். கிழிஞ்சது இல்லீங்க, அறுத்தது. கிழிஞ்சதா இருந்தா ஓரமெல்லாம் பிசிறா நிக்கும். இது கோடு போட்டாட்ட நேரா இருக்குது. எங்க பங்காளி சென்னியப்பன், உரமூட்டை அறுக்கற கத்தியில அறுத்தது. எதைச் செஞ்சாலும் சுத்தமாச் செய்வாப்ல. அதைச் சொல்லித்தான் ஆகோணும்.

உக்காருங்க, என்ன அவசரம். அந்தக் காய்ப் பெட்டியைக் கமுத்திப் போட்டு உக்காருங்க. ஊசி நூலையெல்லாம் அப்புறம் எடுத்துக்கலாம்.

இது பூரா வெள்ளரி நின்ன எடமுங்க. இப்ப நூல் மட்டும் தொங்குது. மேல கம்பியிலிருந்து செடிக்கு ஒரு நூல், அதைப் புடிச்சுட்டே ஏறிரும். நாட்டு வெள்ளரி இல்லை, ஒட்டு ரகம். கம்பெனி விதை. இந்த ரகத்துல ஒரு விசேசம் உண்டு, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எல்லாமே பொம்பளைப் பூ. ஆம்பளைப் பூவே வராது. தேனீ வேண்டாம், வண்டு வேண்டாம். பூ விரியறப்பவே அதுக்குப் பின்னால சுண்டுவிரலாட்ட காய் இருக்கும், அதுபாட்டுக்கு நீண்டுக்கும். அறுத்தா உள்ள விதை இருக்காது. ஓட்டலுக்காரங்க அதுக்காகத்தான் கேக்கறாங்க.

மொதல்ல பூபதி சொன்னப்ப நான் சிரிச்சேன். அப்பனே இல்லாம புள்ளையாடான்னேன். அதுக்கு அவன், "ஆமாங்ப்பா, அப்பனுக்கு வேலையே இல்லாத வெள்ளாமை. நீங்க கட்டலைப் போட்டுப் படுத்துக்குங்க"ன்னான். அவனுக்கு வாய் அப்படி. என்னைச் சீண்டாம அவனுக்குச் சோறு எறங்காது.

ஊரெல்லாம் தேனீ வரோணும்னு கும்பிடறாங்க. முருங்கை போட்டவன் கும்பிடறான், பீர்க்கை போட்டவன் பெட்டி வெச்சு வளத்தறான். நாங்க மட்டும் தேனீயைக் கண்டாத் திருடனைக் கண்டாட்டக் கதவைச் சாத்துவோம். ஏன்னா தேனீ எங்கியாச்சும் நாட்டு வெள்ளரியில உக்காந்துட்டு, அந்த மகரந்தத்தோட இங்க வந்து இந்தப் பூவுல உக்காந்துட்டா, காய்க்குள்ள விதை புடிச்சுக்கும். விதை புடிச்சா அடி பெருத்து, நடு சுருங்கி, சுரைக்காயாட்ட ஆயிரும். யாவாரி தொட மாட்டான். அதுக்குத்தான் இந்த வலை, ரெண்டு கதவு, எல்லாம்.

பூபதி இதுல ரொம்பக் கறாரு. கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில இருந்தான், அதை உட்டுப்போட்டு வந்து இதைப் போட்டான். நான் மஞ்சத் துண்டு போட்டுட்டு வந்தா உள்ள உட மாட்டான், மஞ்சளுக்குப் பூச்சி வருமாம். அவங்கம்மா மூஞ்சிக்கு மஞ்சப் பூசிட்டு வந்தாளா, கதவுலயே நிறுத்திட்டான். "அம்மா, மூஞ்சி கழுவிட்டு வாங்க, உங்க மேல வெள்ளை ஈ வந்து ஒட்டிக்கும்." அவளும் சிரிச்சுட்டே போயி கழுவிட்டு வந்தா.

அவனுக்குப் பொண்ணு பாத்துட்டு இருந்தோமுங்க. தோட்டத்துக்காரனுக்கு எவன் பொண்ணு குடுக்கறான் இப்ப? பையன் என்ன பண்றான்னு கேப்பாங்க. தோட்டம்னு சொல்லிப்போட்டா அப்புறம் காப்பி கூட ஆறிப்போயித்தான் வரும். அதனால, தோட்டம்னு சொல்லாதீங்கப்பா, பாலி ஹவுஸ்னு சொல்லுங்கன்னான். அப்படிச் சொன்னதுல காங்கயத்துல ஓரிடம் பாக்கலாம்னாங்க. பாக்கலாம்னு இருந்துச்சு.

இல்லீங்க, உக்காருங்க. சொல்லிட்டுத்தான் இருக்கேன். வலை எப்படிப் போச்சுன்னு தெரிஞ்சாத்தான நீங்க தைக்க முடியும்.

மாசி மாசமுங்க. காய் பறிக்க ஆரம்பிச்சு நல்லா வந்துட்டு இருந்துச்சு. பள்ளத்துல இருந்து மேடு வரைக்கும் ஒரே பச்சை. முழங்கால் உசரம் வரைக்கும் வர்ற பூவையெல்லாம் கிள்ளிப்போடோணும், அது இந்த ரகத்துக்கு மொற. எனக்கு மனசு வராது. பூவைக் கிள்ளறதாவது. நான் ஒண்ணு ரெண்டு உட்டுட்டே வருவேன், அவன் பின்னாலயே வந்து கிள்ளிட்டு வருவான். "அடியில காய் உட்டா தலை வளராதுங்ப்பா." அவன் சொன்னது சரிதான். செடி கம்பிக்கு மேல போச்சு.

அன்னைக்கு மத்தியானம் சோத்துக்குக் கூப்பிட வந்தேன். அந்த மேக்கு வரிசைக்குப் பக்கத்துல பாத்தி மேல சாஞ்சிருந்தான். கையில நூல் இருந்துச்சு, கொடி கட்டிட்டு இருந்திருப்பான். நான் மொதல்ல என்ன சொன்னேன் தெரியுமுங்களா? "செடி நசுங்குது பாரு, எந்திரி"ன்னேன்.

ஆம்புலன்சு வந்துச்சு. வந்தவங்க கையைப் புடிச்சுப் பாத்தாங்க, கண்ணுல லைட்டு அடிச்சுப் பாத்தாங்க, ஹார்ட்டுன்னாங்க. கொண்டுபோயிப் பிரயோசனமில்லைன்னுட்டாங்க. அவங்க உள்ள வர்றப்ப, மொதக் கதவைச் சாத்திட்டு வாங்கன்னு நான் சொன்னேனாம். எங்கூட்டுக்காரி வசந்தாமணி சொல்லுவா. எனக்கு ஞாபகமில்லீங்க. சொல்லியிருப்பேன்.

அப்புறம் சொந்தம் பந்தமெல்லாம் கூடிருச்சு. எடுக்கறக்கு முன்னால எவனோ ஜோசியகாரனுக்குப் போன் போட்டான். நட்சத்திரம் சதயம், அடைப்புன்னு சொல்லிப்போட்டான் அவன். உங்க பக்கத்துல இருக்குதுங்களா இது? சில நட்சத்திரத்துல உசுரு போனா, வாசல் வழியா எடுக்கக் கூடாதும்பாங்க. பழகின வழியாச்சே, திரும்பி வந்துருமாம். அதனால சுவத்துல புதுசா ஒரு வழி பண்ணி, அது வழியா எடுத்துப்போட்டு, கையோட அடைச்சுரோணும். அடைச்சுட்டா எந்த வழியா போனோம்னு அதுக்குத் தெரியாதாம். அப்புறம் செத்த எடத்தை ஆறு மாசம் பூட்டி வெக்கோணும், சாயந்தரத்துக்கு வெளக்கு வெக்கோணும். எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாதுங்க. எங்கய்யனுக்கும் கிடையாது.

ஆனா அன்னைக்கு அவிங்களுக்குள்ள பெரிய தர்க்கமுங்க. இது வீடா, வெள்ளாமைக் காடா? காட்டுல செத்தா அடைப்பு இல்லைன்னு ஒருத்தரு. மேல கூரை இருக்குது, நாலு பக்கம் வலை இருக்குது, கதவு ஒண்ணுக்கு ரெண்டா இருக்குது, அப்ப வீடுதான்னு ஒருத்தரு. பூபதி இருந்திருந்தா சிரிச்சிருப்பான். நான் அந்தப் பெட்டி மேல, இப்ப நீங்க உக்காந்திருக்கீங்க பாருங்க, அது மேலதான் உக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணும் தோணலீங்க. சொட்டு நீர்க் குழாயில ஒரு எடத்துல தண்ணி பீச்சிட்டு இருந்துச்சு, அதை அடைக்கோணும்னு மட்டும் நெனச்சுட்டு இருந்தேன்.

கடைசியில சென்னியப்பன்தான், எதுக்கு வம்பு, மேக்குல அறுத்துருவோம்னாப்ல. என்னைக் கேட்டாரா இல்லையான்னு தெரியலை. கேட்டாருன்னு அவரு சொல்றாரு. நான் தலையை ஆட்டினேனாம். அறுத்து, அது வழியாத்தான் எடுத்தாங்க. நாலு பேருக்கு இந்தக் கதவுல தாராளமா எடமிருக்குது தம்பி. பாருங்க. நாங்க மருந்து மிசின் கொண்டு வர்ற கதவு.

அதுதான் எனக்கு ஆறலை. போனது போச்சு, அது விதி. ஆனா இந்த வலையை எதுக்கு அறுக்கோணும்?

சென்னியப்பன் காடு அக்கட்டால, அந்த மேக்குப் பக்கத்துக் காடு. வேலியோரமா நாட்டு வெள்ளரி போட்டிருந்தாரு. அறுத்ததும் அவரு, வெள்ளரி போட்டதும் அவரு. கொஞ்ச நாள்ல உள்ள ஒரு மொனகல் கேட்டுச்சு. நான் மோட்டார் சத்தம்னு நெனச்சேன். பாத்தா தேனீ. ஒவ்வொரு பூவுலயும் உக்காந்து எந்திரிக்குது, அதுக்கென்ன தெரியும் பாவம். நான் காரியம் முடிஞ்ச அடுத்த நாளே உள்ள வந்துட்டேனுங்க, பூட்டவெல்லாம் இல்லை. காய் நிக்குமுங்களா நமக்காக? ஒரு நாள் உட்டா முத்திரும். கொடியை எறக்கிக் கட்டினேன், எலை கிள்ளினேன், பக்கக் கிளை ஒடிச்சேன். கீழ வந்த பூவையெல்லாம் ஒண்ணு உடாமக் கிள்ளினேன். அவன் சொன்னது சொன்னபடி செஞ்சேன். ஆனா காய் கோணலாப் போச்சு. நேரா இருந்தது வளைஞ்சு, வால் பக்கம் வீங்கி. யாவாரி வந்து ரெண்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தான். "அண்ணா, இது நம்ம காயாட்டவே இல்லீங்களே"ன்னுட்டுப் போயிட்டான். பூராத்தையும் மாட்டுக்குப் போட்டோம்.

சென்னியப்பன் பேத்திக்குக் காது குத்துன்னு பத்திரிகை வெக்க வந்தப்ப, அந்தக் கோவத்துல நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன். வசந்தாமணிதான் வாங்கி வெச்சா. மத்தபடி பேச்சுவார்த்தை இல்லை.

என்னங்க? டேப்பு ஒட்டியிருக்கலாமேங்கறீங்களா?

டேப்பு இருந்துச்சுங்க. பூபதி வாங்கி வெச்சது, அந்த மூலையில தொங்குது பாருங்க. அது கூரைச் சீட்டுக்கு ஒட்டறது. வலைக்கு ஒட்டினா நிக்காது. நிக்குமுங்களா? நீங்க சொன்னாச் சரி, உங்களுக்குத்தான் தெரியும். எனக்கென்னமோ நிக்காதுன்னு தோணுச்சு.

அன்னைக்கே அடைச்சிருக்கலாம்தான். எடுத்துட்டுப் போன கையோட சென்னியப்பன் கோணூசியும் சணலும் கொண்டாந்து நின்னாப்ல. மொறப்படி அடைக்கோணுமில்ல. "சிகாமணி, நான் தெச்சுப்போடறேன், நீ அக்கட்டால போ"ன்னாப்ல. நாந்தான் வேண்டாம்னேன். சணல்ல தெச்சா நல்ல வலை பாழாயிரும், அதுக்குன்னு நைலான் நூல் இருக்குது, ஆள் இருக்குது, கூப்பிட்டுக்கலாம்னேன். அந்தாளு ஊசியைக் கையில வெச்சுட்டு ரொம்ப நேரம் நின்னுட்டுப் போனாப்ல.

ஆளுக்குச் சொல்லாம இல்லீங்க. சித்திரையில ஒருத்தரு வந்தாரு. அப்ப வெயிலு. வெயில்ல வலை இழுத்துக்கும், ஆறினதும் தொளதொளன்னு ஆயிரும்னு அனுப்பி உட்டேன். அப்புறம் ஒருத்தரு வந்தாரு, அன்னைக்கு மழை வர்றாட்ட இருந்துச்சு. மேக்க இருட்டிட்டு நின்னுச்சு. வரலை, ஆனா வர்றாட்ட இருந்துச்சு. இப்ப நீங்க.

இந்தாங்க, இந்த நாத்தைப் பாருங்க. அதே ரகம். ஆடியில வெதைச்சது, குழித்தட்டுல நிக்குது. எலை பழுக்க ஆரம்பிச்சிருச்சு பாருங்க, வேரெல்லாம் அடியில சுருட்டிட்டு இருக்கும். வலை தெக்காம எப்படி நடறது? நட்டா மறுபடியும் தேனீ வந்துரும். அதான் உங்களைக் கூப்பிட்டேன்.

சரியாச் சொன்னா, நான் கூப்பிடலை. வசந்தாமணிதான் நெம்பர் வாங்கிக் கூப்பிட்டா. அவளுக்கு வேற கணக்கு. இந்த வெள்ளிக்கிழமையோட அடைப்பு முடியுதுங்க. அன்னைக்கு வெளக்கு வெச்சு, கும்பிட்டு முடிச்சு உடோணும். அதுக்குள்ள வழி அடைஞ்சிருக்கோணுமாம். அடைக்காம முடிச்சா அவன் அலைவான், அங்கயும் இல்லாம இங்கயும் இல்லாம நிப்பான்னு அவளுக்குப் பயம். சென்னியப்பன் சொல்லிக் குடுத்ததா இருக்கும். தெனமும் சாயந்தரம் அவதான் வெளக்கு வெக்கறா, அந்த மேக்கு மூலையில. வெச்சுட்டு ஓட்டையைப் பாத்துட்டே நிப்பா. ராத்திரியெல்லாம் தூங்கறதில்லை. மூஞ்சிக்கு மஞ்சப் பூசறதையும் உட்டுட்டா. இனி எவன் நிறுத்தப் போறான், பூசிக்கன்னேன்.

அவ கிட்ட எதுவும் பேச முடியறதில்லீங்க. ஒரு நாள் எலைக்குள்ள மறைஞ்சு ஒரு காய் பழுத்துத் தொங்குச்சு. மஞ்சளா, தடியா. அவ அறுத்துப் பாத்துட்டு உள்ள விதை இருக்குதுங்கன்னா. இதை வெதைச்சா முளைக்குமாங்கன்னு கேட்டா. முளைக்கும், ஆனா ஒட்டு ரகத்து விதை, அதுவும் நாட்டு வெள்ளரி கூடக் கலந்தது, மறுபடியும் அதே வராது, அந்த மாதிரி இன்னொண்ணு வரவே வராதுன்னு சொன்னேன். அப்படியே அந்தப் பாத்தியில உக்காந்து அழுதா. எதுக்கு அழுதான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலீங்க. நான் ரகத்தைப் பத்தித்தான சொன்னேன்.

என்னமோ ஊசியில நூலைக் கோத்துட்டீங்க. இருங்க. நில்லுங்க ஒரு நிமிசம்.

அந்த மேல் ஓரத்துல இருந்து ஆரம்பிப்பீங்களா? அங்க கொஞ்சம் மண்ணு ஒட்டியிருக்குது, அதைத் தொடைக்க வேண்டாம். எடுத்துட்டுப் போறப்ப அவன் காலு பட்ட எடம். குழாய்த் தண்ணி பீச்சின சேத்துல கெடந்த காலு, ஈரமா இருந்துச்சு. காஞ்சும் அப்படியே நிக்குது. தைச்சா அது மடிப்புக்குள்ள போயிருமில்லீங்க?

போயிரும். ம்.

இதா, அவளே வந்துட்டா. மோரு கொண்டாந்திருக்கா, குடிங்க. பாத்தீங்களா, அவளும் ரெண்டு கதவையும் சாத்திட்டுத்தான் வர்றா. வசந்தாமணி, தம்பி இப்பத்தான் வந்தாரு, பேசிட்டு இருக்கோம். இல்லை, இன்னும் ஆரம்பிக்கலை. நான் தடுக்கலை. யாரு தடுத்தா? காத்து இருக்குதுன்னுதான் பாக்கறேன்.

என்ன சொல்றே?

கேட்டீங்களா தம்பி, அவ சொல்றதை. உங்க முன்னாலயே சொல்றா. "தைக்க உடுங்க. எம்பையன் போகட்டும்." அதைச் சொல்லிட்டு நின்னுட்டா பாருங்க. அழுகறதில்லை இப்பெல்லாம்.

அவ போகட்டும், நீங்க மோரைக் குடிங்க.

தம்பி, நான் படிக்காதவன் இல்லீங்க. எஸ்.எஸ்.எல்.சி. இந்த அடைப்பு, ஆவி, திரும்பி வர்றதெல்லாம் எனக்குக் கிடையாது. ஆறு மாசமாத் தெனமும் இங்கதான் உக்காந்திருக்கேன், ஒருத்தரும் வரலை. அந்தப் பக்கமே பாத்துட்டு உக்காந்திருக்கேன், காத்துத்தான் வருது, தேனீதான் வருது. வந்தா எனக்குத் தெரியாதா?

எனக்கு வலை நல்லாத் தெக்கோணும், அவ்வளவுதான். ஆவணிக் காத்து பாருங்க எப்படி அடிக்குது, பாலக்காட்டுல இருந்து நேரா வருது. இந்தக் காத்துல தெச்சாச் சுருக்கம் விழும். சுருக்கம் உழுந்தா சந்து உழுகும். ஆமாங்க, நீங்க இழுத்துப் புடிச்சுத் தெப்பீங்க, எனக்குத் தெரியும். இருந்தாலும் காத்து கொறையட்டும். நாளைக்கு வாங்க. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருக்குது. அதுக்கு மேல போனாலும் வலை எங்க ஓடிப்போகுது.

ஊசியை அப்படியே நூலோட சுருட்டி வெச்சுக்குங்க. வந்ததுக்கு என்ன உண்டோ அதை வாங்கிக்குங்க, நான் யாரையும் வெறுங்கையா அனுப்பினதில்லை.

அட, அந்தப் பக்கம் எங்க போறீங்க? வண்டி அங்க நின்னா நிக்கட்டும். அது வழியா வேண்டாம் தம்பி. யாரும் அது வழியாப் போறதில்லை, நாய் வந்தாக் கூட நான் முடுக்கி உட்டுருவேன். கதவு இருக்குதல்ல. இப்படி வாங்க, சுத்தித்தான் வாங்க.

ம். இந்தக் கதவைச் சாத்துங்க. நல்லா அழுத்திச் சாத்துங்க. சாத்திட்டு அப்புறம் அதைத் தெறங்க. உள்ள எதாச்சும் வந்துரும்.